வாய் திறக்காதபோது மூச்சுக்கு வழி மூக்கு



மாதர் சங்கக் கூட்டங்களில் சுகாதாரம் பற்றிக் கதைக்கத் தொடங்கினால், ஒரு கேள்வி எப்படியும் வந்துவிடும். "தங்கச்சி, மூக்காலை குழாய் விட்டிட்டினம் எண்டால் ஆள் தப்பாது தானே?" என்று யாராவது ஒரு அக்கா கேட்பார். சுற்றியிருக்கும் மற்றப் பெண்களும் தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டலுக்குக் காரணம் இருக்கிறது. யுத்த காலத்தில் ஆஸ்பத்திரி விறாந்தைகளில் நின்ற பெண்கள் பலர், குழாய் பூட்டிய நிலையில்தான் தமது கணவரை, பிள்ளையைக் கடைசியாகப் பார்த்தார்கள். அதனால் குழாயும் சாவும் மனதில் ஒன்றாகிப் போய்விட்டன.

நான் வைத்தியர் அல்ல. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்துவிட்டு, பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களோடு வேலை செய்பவள். ஆனால் என் வேலை நாட்களில் பாதி ஆஸ்பத்திரிகளில்தான் கழிகிறது. உங்கள் கேள்விகளை அங்குள்ள வைத்தியர்களிடமும் தாதியரிடமும் கேட்டு அறிந்தவற்றை இந்த மாதம் எழுதுகிறேன். இதை எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் பெண்களில் சிலர் தமது உடம்பைப் பற்றி வைத்தியரிடம் சொல்லாமல் விடும் ஒரு விடயம், ஒருநாள் அவர்களுடைய மூச்சோடு சம்பந்தப்படலாம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

மூக்கில் மூன்று குழாய்கள்

மூக்கில் தெரியும் குழாய்கள் எல்லாம் ஒன்றல்ல. மூன்று வகை உண்டு.

முதலாவது, இரண்டு மூக்குத் துவாரங்களின் வாசலில் மட்டும் நிற்கும் மெல்லிய குழாய். இது ஒட்சிசன் கொடுப்பதற்கு. நோயாளி தானாகவே மூச்சு விடுகிறார், கொஞ்சம் உதவி தேவை என்பதுதான் இதன் பொருள்.

இரண்டாவது, ஒரு மூக்கின் வழியாக உள்ளே போய் இரைப்பை வரை செல்லும் மெல்லிய குழாய். விழுங்க முடியாதவருக்குப் பால், கஞ்சித் தண்ணீர், மருந்து என்பவற்றை இதன் வழியாகக் கொடுப்பார்கள்.

மூன்றாவது, சுண்டுவிரல் அளவு தடிப்பான குழாய். இதுவும் ஒரு மூக்கின் வழியாகத்தான் போகிறது. ஆனால் இது உணவுப் பாதைக்குள் போகாமல் மூச்சுக்குழாய்க்குள் போய் நிற்கும். வெளியே உள்ள முனை சுவாச இயந்திரத்துடன் அல்லது கையால் அமத்தும் பையுடன் பொருத்தப்பட்டிருக்கும். கூட்டங்களில் எங்கள் அக்காமார் பயத்தோடு கேட்பது பெரும்பாலும் இதைப் பற்றித்தான்.

இந்த மூன்றாவது குழாயைப் பொதுவாக வாய் வழியாகவே விடுவார்கள். வாய் வழி விரைவானது, பெரிய குழாயும் போகும். வாய் திறக்க முடியாதபோதும், வாய்க்குள் வீக்கமோ காயமோ இருக்கும்போதும், தாடையில் சத்திரசிகிச்சை செய்யவேண்டியிருக்கும்போதும்தான் மூக்கு வழியை நாடுவார்கள். ஆகவே மூக்கால் குழாய் விட்டார்கள் என்றால் ஆளைக் கைவிட்டுவிட்டார்கள் என்பது அர்த்தமல்ல. முன்வாசல் பூட்டியிருப்பதால் பக்கத்து வாசலால் உள்ளே போகிறார்கள், அவ்வளவுதான்.

குழாய் எப்படிப் போகிறது?

மூக்குத் துவாரம் மேல்நோக்கிப் போவதாகத்தான் நாங்கள் நினைக்கிறோம். உண்மையில் மூக்கின் அடித்தளம் நேரே பின்னோக்கிப் போய், அண்ணத்துக்குப் பின்னால் தொண்டைக்குள் இறங்குகிறது. குழாயும் அந்த வழியில்தான் போகும். தொண்டையில் இரண்டு பாதைகள் பிரிகின்றன. முன்னால் இருப்பது குரல்வளையும் மூச்சுக்குழாயும். பின்னால் இருப்பது உணவுக்குழாய். குழாய் முன்பாதைக்குள், குரல் நாண்கள் இரண்டுக்கும் நடுவால் போகவேண்டும்.

முதலில் மூக்கில் சொட்டு மருந்து விடுவார்கள். அது உள்ளே உள்ள இரத்தக் குழாய்களைச் சுருக்கி இரத்தம் வருவதைக் குறைக்கும். பிறகு மூக்கையும் தொண்டையையும் விறைக்கச் செய்யும் மருந்து கொடுப்பார்கள். குழாயில் வழுக்கும் ஜெலி பூசுவார்கள். நுனியில் கமெரா போன்ற வசதியுள்ள மெல்லிய, வளையக்கூடிய கருவியை முதலில் குழாய்க்குள் கோத்து, பாதையைப் பார்த்துக்கொண்டே உள்ளே செலுத்துவது இப்போது விரும்பப்படும் முறை. அந்தக் கருவி இல்லாத இடத்தில், நோயாளி மூச்சு விடும் சத்தத்தைக் குழாயின் முனையில் காது வைத்துக் கேட்டுக் கேட்டுச் செலுத்தும் பழைய முறையும் உண்டு. அதற்கு நோயாளி தானாக மூச்சு விட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

உள்ளே போனதும் குழாயின் நுனிக்கு அருகில் உள்ள சிறு பலூனைக் காற்றடித்து ஊதச் செய்வார்கள். அது பாதையை அடைத்து நிற்கும். பின்னர் நெஞ்சின் இரு பக்கமும் காது கொடுத்துக் கேட்பார்கள். வெளிவரும் மூச்சில் காபனீரொட்சைட்டு இருக்கிறதா என்று கருவியால் பார்ப்பார்கள். அது தொடர்ந்து வந்தால் குழாய் மூச்சுப் பாதையில் இருக்கிறது என்பது உறுதி.

ஒரு விடயம் பலரைத் திகைக்க வைக்கிறது. மூச்சுப் பாதை ஒடுங்கிப் போன நோயாளிக்கு, குழாய் விடும்வரை முழு மயக்கம் கொடுக்காமல் விழிப்பாகவே வைத்திருப்பார்கள். "இவ்வளவு கஷ்டத்தை அவர் முழிச்சிருந்து அனுபவிக்க வேணுமோ?" என்று உறவினர் கோபப்படுவதுண்டு. மயக்கினால் தொண்டைத் தசைகள் தளர்ந்து, இருக்கிற சிறு வழியும் மூடிவிடலாம். அந்த நேரத்தில் குழாயும் போகாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. ஒட்சிசன் இல்லாமல் நாலைந்து நிமிடங்கள் போனாலே மூளைக்குச் சேதம் தொடங்கிவிடும். விழிப்பாக இருப்பவர் தன் மூச்சைத் தானே விட்டுக்கொண்டிருக்கிறார். அதுதான் அவருக்குப் பாதுகாப்பு.

யுத்தத்தில் வளர்ந்த வைத்தியம்

இந்த முறை வளர்ந்த கதையும் ஒரு யுத்தத்தோடு சம்பந்தப்பட்டது. 1914 முதல் 1918 வரை நடந்த முதலாம் உலகப் போரில் பதுங்கு குழிகளில் நின்ற படையினர் பலருக்கு முகமும் தாடையும் சிதைந்தன. இங்கிலாந்தில் சிட்கப் என்னும் இடத்தில் இருந்த குயின்ஸ் ஆஸ்பத்திரியில் ஹரல்ட் கில்லிஸ் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் அவர்களுடைய முகங்களைத் திருத்தி அமைத்தார். மயக்க மருந்து கொடுப்பதுதான் பெரிய சிக்கல். முகத்தில் மூடியை வைத்து அமத்தினால் முகத்தில் வேலை செய்ய முடியாது. பலருக்கு வாயும் சரியாகத் திறக்காது.

அங்கு மயக்க மருந்து கொடுத்த ஐவன் மகில், ஸ்ரான்லி ரோபொதம் என்ற இரு வைத்தியர்கள் இறப்பர் குழாயை மூக்கு வழியாக மூச்சுக்குழாய்க்குள் செலுத்தும் முறையை வளர்த்தெடுத்தார்கள். குழாயைத் தொண்டைக்குள் பிடித்து வழிகாட்டுவதற்கு மகில் அமைத்த வளைந்த இடுக்கி 1920 இல் வெளிவந்தது. அது இன்றும் அவருடைய பெயரால் எமது ஆஸ்பத்திரிகளிலும் பாவனையில் இருக்கிறது. 1967 இல் லண்டனில் பீற்றர் மேர்பி என்ற வைத்தியர், வளையும் ஒளிக்கருவியின் துணையோடு மூக்கு வழியாகக் குழாய் செலுத்தினார். அந்த நோயாளி மூட்டு நோயால் பாதிக்கப்பட்டவர்.

சிதைந்த தாடைகளுக்காக வளர்ந்த இந்த வழி, வேறொரு யுத்தத்தில் தாடையில் காயப்பட்ட எங்கள் சகோதரிகளுக்கும் இன்று பயன்படுகிறது.

பல்வலியில் தொடங்கியது

வன்னியில் எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி. நாற்பத்தைந்தைத் தாண்டியவர். கணவர் இல்லை, ஒரே மகள். 2009 இல் ஷெல் துண்டு பட்டுத் தாடை மூட்டில் காயம். காயம் மாறியது, ஆனால் வாய் ஒரு விரல் அளவுக்கு மேல் திறக்காது. சோற்றைக் குழைத்து, கஞ்சியாக்கித்தான் சாப்பிடுவார். அப்படியே வருடங்கள் போய்விட்டன.

ஒருமுறை கடைவாய்ப் பல்லில் வலி வந்தது. கராம்பு வைத்தார், உப்புத் தண்ணீரால் கொப்புளித்தார், வலி மாத்திரை போட்டார். ஏன் பல் வைத்தியரிடம் போகவில்லை என்று பிறகு கேட்டேன். "வாயை ஆவெண்டு சொன்னால் நான் என்ன செய்யிறது, பிள்ளை? வெக்கமாய்க் கிடந்தது" என்றார். கூலி வேலையை ஒருநாள் விட முடியாததும் இன்னொரு காரணம்.

இரண்டு கிழமையில் தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் கல்லுப் போல வீங்கியது. காய்ச்சல். நாக்கு மேலே தள்ளுப்பட்டது. எச்சில் விழுங்க முடியாமல் வழிந்தது. வாய்க்குள் சுடுகிழங்கை வைத்துக்கொண்டு கதைப்பது போலக் குரல் மாறியது. படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் இரவு முழுவதும் சுவரில் சாய்ந்து குந்தியிருந்தார். விடியுமுன் மகள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் அந்தப் பத்தொன்பது வயதுப் பிள்ளை சொன்ன முதல் வார்த்தை இது: "அம்மாவுக்குத் தாடையில பழைய காயம் இருக்கு. வீக்கம் வர முன்னமே வாய் ஒரு விரல்தான் திறக்கும்." வீக்கம் வடிந்தாலும் இந்த வாய் திறக்காது என்பது அந்த ஒரு வசனத்தில் வைத்தியர்களுக்கு விளங்கிவிட்டது. மயக்க மருந்து நிபுணரை உடனே அழைத்தார்கள். சத்திரசிகிச்சைக் கூடத்தில் அம்மாவை இருத்தி வைத்தபடியே, விழிப்பாக, மூக்கு வழியாகக் குழாய் விட்டார்கள். அது சரிவராவிட்டால் கழுத்தில் துளையிட்டு வழி எடுக்கத் தொண்டைச் சத்திரசிகிச்சை நிபுணர் பக்கத்திலேயே ஆயத்தமாக நின்றார். பிறகுதான் மயக்கி, சீழை வெளியேற்றி, பல்லைப் பிடுங்கினார்கள்.

மூன்று நாள் குழாய் இருந்தது. நாலாம் நாள் எடுத்தார்கள். "மூக்குக்குள்ளாலை பாம்பு போறமாதிரி இருந்தது. ஆனால் அது போன உடனை மூச்சு வந்துது பிள்ளை, அதுவரைக்கும் எனக்கு மூச்சே இல்லை" என்று அந்தச் சகோதரி எனக்குச் சொன்னார். இப்போது வீட்டில் இருக்கிறார். பல் கிளினிக்குக்கும் போய்வருகிறார்.

சொல்லாமல் விடும் காயங்கள்

எல்லாப் பெண்களும் அந்த மகளைப் போல வாசலிலேயே சொல்லிவிடுவதில்லை. வைத்தியர் "வேறு வருத்தம் ஏதும் இருக்கா?" என்று கேட்டால், "ஒண்டுமில்லை" என்று சொல்லும் பெண்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். கழுத்தில் எரிகாயத் தழும்பு இருக்கும், சீலைத் தலைப்பால் மூடியிருப்பார். தாடையில் துண்டு இருக்கும், அதை வருத்தம் என்று நினைக்கவே மாட்டார். கலியாணம் பேசும் வீடுகளில் பெண்பிள்ளையின் காயத்தைத் தாயே மறைக்கச் சொல்லுவார்.

இன்னொரு பயமும் உண்டு. எங்கே காயப்பட்டாய், எப்படிப் பட்டது, அப்போது யாரோடு இருந்தாய் என்று கேட்பார்களோ என்ற பயம். எத்தனையோ வருடங்கள் சோதனைச் சாவடிகளில் அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பழகிய பெண்கள், இப்போது ஆஸ்பத்திரியிலும் வாயை மூடிக்கொள்கிறார்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் ஒரு காலத்தில் அவர்களைக் காப்பாற்றியது.

ஆனால் மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியருக்கு உங்கள் காயத்தின் கதை தேவையில்லை. காயம் எங்கே இருக்கிறது, அதனால் எது அசையாது என்பதுதான் தேவை. "தாடையில் பழைய காயம், வாய் இரண்டு விரல்தான் திறக்கும்" என்று சொன்னால் போதும். "கழுத்தில் எரிகாயத் தழும்பு, தலையைப் பின்னுக்குச் சாய்க்க ஏலாது" என்று சொன்னால் போதும். எப்போது, எப்படி என்பதைச் சொல்வதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

கர்ப்பிணிச் சகோதரிகள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். சிசேரியன் பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டுத்தான் செய்யப்படுகிறது. ஆனால் அவசரத்தில் முழு மயக்கம் தேவைப்படலாம், அப்போது குழாயும் தேவைப்படும். ஆகவே மருத்துவமாதுவிடம் முதல் மாதங்களிலேயே சொல்லி, கர்ப்பிணி அட்டையில் எழுதுவித்துக்கொள்ளுங்கள்.

மூன்று விரல் சோதனை

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சிறு சோதனை உண்டு. உங்கள் சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் இடையில் நெடுக்காக வைத்துப் பாருங்கள். மூன்று விரலும் போனால் வாய் போதுமான அளவு திறக்கிறது. இரண்டு அல்லது ஒன்றுதான் போகிறது என்றால், வலி எதுவும் இல்லாவிட்டாலும் பல் கிளினிக்கில் காட்டுங்கள்.

யுத்தக் காயம் இல்லாதவர்களும் இதைச் செய்து பார்க்கவேண்டும். வெற்றிலை பாக்குப் போடும் பழக்கம் எங்கள் அம்மம்மாமாரிடம் மட்டுமல்ல, வயல் வேலைக்கும் தோட்ட வேலைக்கும் போகும் பெண்களிடமும் உண்டு. பாக்கு நீண்ட காலம் போட்டால் கன்னத்தின் உட்புறம் வெளிறி, நார் போல இறுகி, வாய் மெல்ல மெல்லத் திறக்காமல் போகும். உறைப்புச் சாப்பிட்டால் வாய் எரிவது அதன் தொடக்க அறிகுறி. அது வாய்ப் புற்றுநோயாகவும் மாறக்கூடும். புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் அறிவித்திருக்கிறது.

கையெழுத்துக் கேட்டால்

உங்களில் பலர் குடும்பத்தில் தனியாக நின்று முடிவெடுப்பவர்கள். தாளை நீட்டினால் கை நடுங்கும். உயிர் போகும் அவசரத்தில் வைத்தியர்கள் கையெழுத்துக்காகக் காத்திருக்க மாட்டார்கள். நேரம் இருந்தால் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்: எதற்காகக் குழாய்? வாய் வழியா, மூக்கு வழியா? எவ்வளவு நாள் இருக்கும்? சரிவராவிட்டால் அடுத்தது என்ன?

வேறு மாவட்டத்துக்கு மாற்றி அனுப்பிய இடத்தில் மொழி விளங்காவிட்டால், தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிடும்படி கேளுங்கள். தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. அப்படிக் கேட்பது கரைச்சல் கொடுப்பது ஆகாது.

நீங்கள் சொல்லவேண்டியவையும் சில உண்டு. நோயாளி இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுக்கிறாரா? மூக்கு முன்பு உடைந்திருக்கிறதா? தலையில் அடிபட்டு, மூக்காலோ காதாலோ இரத்தம் அல்லது தண்ணீர் போல வந்ததா? மண்டையோட்டின் அடிப்பகுதி வெடித்திருக்கலாம் என்றால் மூக்கு வழியைப் பெரும்பாலும் தவிர்ப்பார்கள். கட்டுப்பல் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

குழாய் இருக்கும்போது

குரல் நாண்களுக்கு நடுவால் குழாய் போவதால் நோயாளியால் கதைக்க முடியாது. ஊமையாகிவிட்டார் என்று அழாதீர்கள். குழாயை எடுத்த பிறகு சில நாட்களுக்குத் தொண்டை நோவும் கரகரத்த குரலும் இருக்கும், பொதுவாக அது மாறிவிடும். மூக்கால் கொஞ்சம் இரத்தம் வருவதும் உண்டு. அரை மயக்கத்தில் குழாயைப் பிடுங்காமல் இருக்கச் சிலவேளை கையைத் துணியால் கட்டியிருப்பார்கள். அது தண்டனை அல்ல.

பார்க்கப் போனால், என்ன கிழமை, பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்று மெதுவாகச் சொல்லுங்கள். தலையாட்டிப் பதில் சொல்லக்கூடிய கேள்விகளைக் கேளுங்கள். எழுதத் தெரிந்தவருக்குக் கொப்பியும் பென்சிலும் கொடுங்கள். தாகம் என்று சைகை காட்டினாலும், தாதியைக் கேட்காமல் ஒரு சொட்டுத் தண்ணீரும் கொடுக்க வேண்டாம்.

மூக்குக் குழாய் நெடுநாள் இருந்தால் மூக்கைச் சுற்றியுள்ள எலும்பறைகளில் கிருமி தொற்றலாம். அதனால் நாட்கள் நீண்டால் வாய் வழிக்கோ, கழுத்தில் சிறு துளையிட்டு வைக்கும் குழாய்க்கோ மாற்றுவார்கள். கழுத்துத் துளை என்றதும் பயப்படவேண்டாம். தேவை முடிந்து குழாயை எடுத்த பின் அது பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை

குழாய் விடுவது வைத்தியரின் வேலை. அதுவரை மூச்சைக் காப்பது பக்கத்தில் நிற்கும் எங்கள் வேலை.

நினைவில்லாமல் கிடப்பவர் மூச்சு விடுகிறார் என்றால் பக்கவாட்டில் சரித்துப் படுக்க வையுங்கள். மல்லாந்து கிடந்தால் நாக்கு பின்னால் விழுந்து மூச்சை அடைக்கும். விபத்தில் கழுத்து அடிபட்டிருக்கலாம் என்றால் தலை, கழுத்து, உடம்பு மூன்றையும் ஒன்றாகவே திருப்புங்கள். சோடாவோ தண்ணீரோ பருக்க வேண்டாம், அது சுவாசப்பைக்குள் போய்விடும்.

முகத்தில் காயப்பட்டவர், தொண்டை வீங்கியவர் குந்தியிருக்க விரும்பினால் இருக்க விடுங்கள். முன்னால் குனிந்தால் இரத்தமும் எச்சிலும் வெளியே வழியும். "படுங்கோ, படுங்கோ" என்று அமத்தாதீர்கள்.

பல்வலியோடு தாடைக்குக் கீழ் வீக்கம், விழுங்க முடியாமை, குரல் மாற்றம், படுக்க முடியாமை இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நீரிழிவு உள்ளவர்கள் இன்னும் விரைவாகப் போகவேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய இந்தச் சேவை 2018 இல் வடக்கிற்கும் வந்தது.

இந்த மாதம் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில், தாடை, கழுத்து, மூக்கு, நெஞ்சு ஆகிய இடங்களில் உள்ள பழைய காயங்களையும், வாய் எத்தனை விரல் திறக்கும் என்பதையும் எழுதி வையுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பிள்ளையைக் கொண்டு எழுதுவியுங்கள். அந்தக் கொப்பி வீட்டில் எங்கே இருக்கிறது என்று பிள்ளைக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொல்லி வையுங்கள். உங்களால் கதைக்க முடியாத நேரத்தில் உங்களுக்காகக் கதைப்பவர் அதைத்தான் கையில் எடுத்துக்கொண்டு வருவார்.